தொப்பி தடித்தது, வார் எட்டவில்லை

மகனே, சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. நான் பின்னி அனுப்பிய நீலத் தொப்பியைக் கழற்றி அலுமாரிக்குள் வை. இனி அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறாதே. போன கிழமை வீடியோ கோலில் "தொப்பியக் கழட்டினியெண்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று வெருட்டிய அதே அம்மாதான் இதையும் சொல்கிறேன். கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைக்காதே. அடுத்த நாளே தொப்பியைப் போடாதே என்று உனக்குக் குரல் செய்தி அனுப்பினேன். நீ என்ன செய்தாய்? பல்லைக் காட்டுகிற மஞ்சள் முகம் ஒன்றை அனுப்பி, "காது முக்கியம் அம்மா" என்று எழுதினாய். போனில் நான் எதைச் சொன்னாலும் உனக்குப் பகிடி. அதனால்தான் பேனையை எடுத்தேன். எழுதி முடிந்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பப் போகிறேன், தபாலை நம்பி இருக்க நேரமில்லை. இதில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தைரியம் வராத விஷயம் ஒன்றும் இருக்கிறது. இருந்து, ஆறுதலாக, கடைசிவரை வாசி.

நோர்வேக்குப் போன முதல் வருடம் நீ பஸ்ஸில்தான் வேலைக்குப் போனாய். இந்த வருடம் சைக்கிள் வாங்கினேன், டயரில் ஆணி அடித்திருக்கிறது, பனிக்கட்டியில் வழுக்காது என்று காட்டினாய். ஆணி அடித்த டயரை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. விடிய முதல் வெளிக்கிட்டு, மைனஸ் பன்னிரண்டில், வயோதிபர் இல்லத்துக்கு அரை மணி நேரம் மிதிக்கிறாய். "காதக் கத்தியால வெட்டுறமாதிரி இரிக்கி அம்மா" என்று நீ சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மைனஸ் பன்னிரண்டு என்றால் என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்? மார்கழியில் வாவிப் பக்கமிருந்து பனிப்புகார் எழும்பினாலே சுவெட்டரைத் தேடுகிற ஆட்கள் நாங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், பிள்ளையின் தலையை மூட வேண்டும். அடுத்த நாளே பெரியகல்லாற்றில் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன்.

துணிக்கடைக்கார நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னக்கா, இந்தப் புழுக்கத்துக்குள்ள கம்பளி நூல் ஆருக்கு?" என்றார். மகன் நோர்வேயில் இருக்கிறான், காது விறைக்கிறதாம் என்றேன். "அப்ப தடிச்சதாப் பாத்துக் கொண்டு போங்க, பிள்ளைக்குக் குளிரப்படா" என்று, கடையிலேயே ஆகத் தடித்த நூலை எடுத்துத் தந்தார். பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடத்தில் படித்த பின்னல், இத்தனை வருடத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை. ஒரு அடுக்குப் போதாது என்று இரண்டு அடுக்காகப் பின்னினேன். காதுக்குத் தனியாக இரண்டு மடல் வைத்தேன். அத்தோடு விட்டேனா, உச்சியில் கோழிமுட்டை அளவில் ஒரு குஞ்சமும் வைத்தேன். உன் அப்பா பார்த்துவிட்டு, "இதென்ன புள்ள, பொடியனுக்குத் தொப்பியா, தேத்தண்ணிக் கேத்தலுக்கு உறையா?" என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று தொப்பியைத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

போன கிழமை நீ அதைப் போட்டுக்கொண்டு கோல் எடுத்தாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தொப்பிக்கு மேல் ஹெல்மெட்டை வைத்துக் காட்டினாய். அது தலையில் இறங்காமல், சோற்றுப் பானைக்குச் சின்ன மூடி போட்டதுபோல மேலே நின்றது. வார் இரண்டு பக்கமும் தொங்கி ஆடியது. "ஹெல்மெட் கொஞ்சம் மேல நிக்கிது அம்மா. வார் எட்டுதில்ல. ஆனா காது சுடச்சுட இரிக்கி" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், "வார் கிடந்தாக் கிடக்கட்டும் மனே. தலையில பனி படப்படா." நீயும் சிரித்தாய், கையைக் காட்டினாய், போய்விட்டாய். நான் போனை வைத்துவிட்டு உலைக்கு அரிசி கழுவப் போனேன். அரிசிக்குள் கையை விட்டபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இதே வசனத்தை, ஒரு சொல்லும் மாறாமல், இதே வாயால் நான் இதற்கு முதலும் ஒரு தரம் சொல்லியிருக்கிறேன்.

அதைச் சொல்வதற்கு முன்னம், எங்கள் வீட்டில் பனிக்கு எவ்வளவு பயம் என்பதை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். உனக்கு ஐந்து ஆறு வயதிருக்கும். தை மாதத்தில் பள்ளிக்கூட லீவு நாட்களில் அப்பாவோடு வயல் வட்டைக்குப் போக அடம்பிடிப்பாய். எங்கள் வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். விடிய வெளிக்கிட்டுப் பட்டிருப்புப் பாலத்தால் போக வேண்டும். நான் உன்னைச் சும்மா விடுவேனா? அப்பாவின் குளிக்கிற துவாயை எடுத்துத் தலையைச் சுற்றி, காதைச் சுற்றி, கழுத்தடியில் முடிச்சுப் போட்டு, மூக்கும் கண்ணும் மட்டும் தெரிகிற மாதிரிக் கட்டி மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் இருத்துவேன். "அம்மா, காது கேக்குதில்ல" என்று கத்துவாய். "கேட்டு என்ன செய்யப் போறாய், பேசாம இரி" என்பேன். பாலத்தில் ஏறும்போது புகாருக்குள் தண்ணீரும் தெரியாதாம், வானமும் தெரியாதாம், தோணிக்காரரின் இருமல் மட்டும் கேட்குமாம். திரும்பி வந்ததும் அதைத்தான் முதலில் சொல்லுவாய். காது கேட்காத பிள்ளைக்கு இருமல் மட்டும் எப்படிக் கேட்டது என்று அப்பா உன்னை நக்கலடிப்பார்.

அப்பாவின் மூக்கை நீ மறந்திருக்கமாட்டாய். ஊரிலேயே அப்படி ஒரு மூக்கு இல்லை. படலையடியில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டும்போதே "இண்டைக்கு றால், முருங்கைக்காயும் போட்டிரிக்காய்" என்று சொல்லிக்கொண்டு வருவார். நெல் கதிர் தள்ளுகிற நாளை மணத்தைக்கொண்டே சொல்லிவிடுவார். "இஞ்ச மண புள்ள" என்று சட்டையை என் முகத்தடியில் நீட்டுவார். எனக்கு வியர்வைதான் மணக்கும், அவருக்கு வயல் மணக்கும். நீ பிறந்த அன்று உன்னைத் தூக்கி உச்சியை மணந்துவிட்டு, "பாலும் சீனியும் போட்ட மணம்" என்று ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பதினொரு வருடமாக அவருக்கு எந்த மணமும் இல்லை. அடுப்பில் கறி கருகினாலும் தெரியாது. சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டு "என்ன கறி?" என்று கேட்கிறாரே, அது அவர் மோட்டார் சைக்கிளால் விழுந்த நாளிலிருந்து வந்த கேள்வி.

விழுந்த கதை உனக்குத் தெரியும். தெரியும் என்று நினைக்கிறாய். பாலத்து இறக்கத்தில் புகாருக்குள் மாடுகள் குறுக்கே வந்தன, அப்பா பிறேக் அடித்தார், வார் பூட்டாத ஹெல்மெட் கழன்று பறந்தது, தலை தார் றோட்டில் அடிபட்டது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. வார் ஏன் பூட்டவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அன்று அவருக்குத் தடிமன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளிக்கிட்டார். நாலு முழம் தள்ளி ஆள் தெரியாத புகார். இன்றைக்குப் போகாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம், வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற நாள், போகாமல் விடவும் முடியாது. எனக்குப் பயம் றோட்டில் இல்லை மகனே, பனியில்தான். உன் சித்தப்பா சவூதியில் இருந்து கொண்டுவந்த பென்னாம் பெரிய துவாய் ஒன்று பெட்டிக்குள் கிடந்தது, கம்பளம் மாதிரித் தடிப்பு. அதை எடுத்து அவர் தலையில் இரண்டு சுற்றுச் சுற்றி, பின்பக்கம் முடிந்துவிட்டேன். அதற்கு மேல் ஹெல்மெட்டை அமத்திப் பார்த்தார், இறங்கவில்லை. வாரை இழுத்துப் பார்த்தார், எட்டவில்லை. திரும்பவும் இழுத்துப் பார்த்தார். "இது எட்டுதில்ல புள்ள. துவாயக் கழட்டிப்போட்டுப் போகட்டா?" என்று கேட்டார். நான் முற்றத்தில் நின்றேன், கையில் கூட்டுகிற தும்புத்தடி. நான் சொன்னேன், "வார் கிடந்தாக் கிடக்கட்டும். தலையில பனி படப்படா. நீங்க போங்க." போய்விட்டார். என் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத மனிசன்.

அவரைக் களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மட்டக்களப்புக்குக் கொண்டுபோனார்கள். உடுப்பையெல்லாம் ஒரு பையில் போட்டு என் கையில் தந்தார்கள், அதற்குள் துவாயும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை அடுப்புக்குள் வைத்தேன். யாரும் துவாயைப் பற்றிக் கேட்கவில்லை. ஆறாம் நாள் அவருக்கு நல்ல நினைவு வந்தது. கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர். உன் பெரிய மாமி, "ஏன் தம்பி, ஒரு வாரப் பூட்டிக்கொண்டு போயிருக்கப்படாதா?" என்று அழுதாள். "தெரியாக்கா. அண்டைக்கு விடிய நடந்த ஒண்டும் எனக்கு நினைவில்ல" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "பூட்டுங்க பூட்டுங்க எண்டு எத்தின தரம் சொல்லியிரிப்பன்! என்ட சொல்லக் கேட்டாத்தானே!" என்றேன். சனத்துக்கு முன்னால், தலையில் கட்டோடு கிடந்த மனிசனுக்கு. அவர் என்னைப் பார்த்து, "ஓம் புள்ள, பிழைதான்" என்றார். இதைவிடக் கேவலமான வேலை நான் என் சீவியத்தில் செய்ததில்லை.

நீ அப்போது பதினைந்து வயதுப் பொடியன். அவர் வீட்டுக்கு வந்து, கறியை வாயில் வைத்து, மணமும் இல்லை ருசியும் இல்லை என்று கண்டுபிடித்த நாளில் நீ வெடித்தாய். "ஒரு வாரப் பூட்ட உங்களுக்கு என்னப்பா கஷ்டம்? எங்களக் கொஞ்சம் நினைச்சுப் பாத்தீங்களா?" என்று கத்தினாய். நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டேதான் திருவினேன். "ஓம் மனே, என்ட பிழைதான்" என்று உனக்கும் சொன்னார். அதற்குப் பிறகு நீ காலையில் ஒரு பொலிஸ்காரன்போல நின்று "வார் பூட்டினீங்களா?" என்று கேட்பாய், அவர் "பூட்டினன் சேர்" என்று தாடையை உயர்த்திக் காட்டுவார். நீ ஊரைவிட்டுப் போன பிறகும் அவர் முற்றத்தில் நின்று, எனக்குத் தெரியக்கூடியதாகத்தான் பூட்டுகிறார். இத்தனை வருடமும் நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அப்படிப்பட்ட நீ இன்றைக்கு வார் தொங்கத் தொங்கப் பனிக்கட்டிக்கு மேல் போகிறாய், அதுவும் நான் பின்னிய தொப்பியால். இனியும் நான் பேசாமல் இருப்பதா?

இந்தக் கிழமை முழுக்க நான் வேறு வேலை பார்க்கவில்லை. அப்பா வட்டைக்குப் பஸ்ஸில் போன ஒரு நாள், அவருடைய ஹெல்மெட்டை எடுத்துக் கண்ணாடிக்கு முன் நின்று, வீட்டில் கிடந்த துணியெல்லாம் ஒவ்வொன்றாகத் தலையில் கட்டிப் பார்த்தேன். துவாய் கட்டினால் ஹெல்மெட் ஆடுகிறது. சால்வையில் முடிச்சு வந்தால் மண்டையில் குத்துகிறது. பழைய பனியனை ஒற்றையாக இழுத்துப் போட்டால்தான் அடியோடு இறங்கி அமர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னகா, மோட்டச்சைக்கிள் பழகப் போறியோ?" என்றாள். ஓமென்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

பிறகு திரும்பவும் காத்தான்குடி. நானாவிடம் தடித்த நூலால் நடந்த கூத்தைச் சொன்னேன். பாவம், அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் கடையில் பெண்கள் முக்காட்டுக்கு உள்ளே போடுகிற உள்தொப்பி அடுக்கியிருந்தது. மெல்லியது, இழுபடும், காதையும் பிடரியையும் மூடும், ஒரு சுருக்கம் இல்லை. அதைக் கையில் எடுத்தேன். "அக்கா, அது பொம்புளையள் போடுறதுகா" என்றார். "ஆம்புளைக்குக் காது வேற இடத்திலயா இரிக்கி?" என்று கேட்டேன். விழுந்து சிரித்தார். பிறகு துணிகளை விரித்துக் காட்டி, "கனத்தப் பாக்காதீங்க அக்கா, நெருக்கத்தப் பாருங்க. காத்து உள்ள பூராம இரிந்தாப் போதும்" என்றார். மனிசன் முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் நான் குஞ்சம் கட்டியிருக்கமாட்டேன்.

அந்த அச்சில் ஒன்று தைத்துத் தபாலில் போடுகிறேன், அளவு பார்க்க மட்டும். போட்டுக்கொண்டு போகாதே, அது பருத்தி, வேர்வையைக் குடித்துவிட்டுக் குளிராகிவிடும். அங்கேயே மெல்லிய கம்பளித் துணியில் அப்படி ஒன்று விற்பார்கள், வாங்கு. இரண்டு வாங்கு, ஒன்று காயும்போது மற்றது. முதலில் தொப்பியைப் போட்டுக் காதை முழுக்க மூடு, பிறகு ஹெல்மெட்டை வை, பின்பக்கம் நீ காட்டினாயே ஒரு சின்னத் திருகு, அதை வேண்டிய அளவுக்கு இளக்கு. நெற்றியில் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம்தான் இருக்க வேண்டும். வாரைப் பூட்டினால் தாடைக்குக் கீழே இரண்டு விரல் போக வேண்டும், மூன்றாவது போகக்கூடாது. தலையை ஆட்டிப் பார், ஹெல்மெட் தனியாக ஆடினால் தொப்பி இன்னும் தடிப்பு. மெல்லியதற்கும் இடம் காணாவிட்டால் குளிர்காலத்துக்கென்று பெரிய ஹெல்மெட் ஒன்று வாங்கு, கஞ்சத்தனம் பார்க்காதே. காற்று வருகிற முன் ஓட்டைகளில் நாடா ஒட்டலாம், பின்னால் இருப்பதை அடைக்காதே, தலை அவிந்துபோகும். கழுத்தை நன்றாக மூடு. முதல் ஐந்து நிமிடம் குளிரத்தான் செய்யும், மிதிக்க மிதிக்கச் சூடு வந்துவிடும் என்று நீதானே சொன்னாய். அந்த ஐந்து நிமிடத்தைப் பொறுத்துக்கொள். தடிமன் வந்தால் வரட்டும். இதை எழுதுகிறவள் உன் அம்மாவா என்று இரண்டு தரம் பார்த்துக்கொள்.

உனக்கு எழுதுவதற்கு முதல் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நாலு நாளைக்கு முன், காலையில், மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், துவாயை எரித்தது வரைக்கும். அவர் பிடியைக் கீழே வைத்தார். "அப்ப நான் பூட்டப் பாத்தனா?" என்று கேட்டார். "ஓம். ரெண்டு தரம் பாத்தீங்க" என்றேன். "துவாயக் கழட்டட்டா எண்டும் கேட்டனா?" "ஓம்." பிறகு, "பதினொரு வருசம் புள்ள" என்றார். "பதினொரு வருசமா, பெண்சாதி பிள்ளைய நினைக்காம ஒரு வாரக்கூடப் பூட்டாமப் போன மடையன் எண்டுதான் என்ன நான் நினைச்சுக்கொண்டிரிக்கன்." எழும்பி வட்டைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேச்சில்லை. ஏசினால் பரவாயில்லை, ஏசவும் இல்லை. வருகிறார், வைத்ததைச் சாப்பிடுகிறார், என்ன கறி என்றுகூடக் கேட்பதில்லை. நாயோடு பேசுகிறார். எனக்கு வேண்டும், நன்றாக வேண்டும். இன்று காலை நான் கொப்பியும் பேனையுமாக இருப்பதைக் கண்டுவிட்டு வாசலில் நின்றார். "அவனுக்கா?" என்றார். ஓம் என்றேன். "துவாயையும் எழுது. இல்லாட்டி அவன் கேக்கமாட்டான்" என்றார். இந்த நாலு நாளில் என்னிடம் அவர் சொன்னது அவ்வளவுதான். அதனால்தான் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி நீ இனி என்ன நினைப்பாயோ தெரியாது. நினைக்கிறதை நினைத்துக்கொள், தலையை மட்டும் பத்திரமாக வைத்திரு.

நாளைக்கு வாரைப் பூட்டியதும் எனக்குப் போட்டோ அனுப்ப வேண்டாம். மிதிக்க முதல் அப்பாவுக்கு ஒரு கோல் எடு. உனக்கு விடியாத நேரம் இங்கே வெயில் ஏறியிருக்கும், அவர் வரம்பில் நிற்பார், மணி அடித்தால் எடுப்பார். முதலில், வார் பூட்டிவிட்டேன் என்று சொல். பிறகு, பதினைந்து வயதில் அவரிடம் கத்தினாயே, அதற்கு மன்னிப்புக் கேள். அது உன் பிழையில்லை, என் பிழை, ஆனாலும் கேள். அவர் உனக்கு ஒன்றும் சொல்லமாட்டார். "சரி மனே, றோட்டப் பாத்துப் போ" என்பார், வைக்கப் பார்ப்பார். வைக்க விடாதே. வேலைக்குப் பத்து நிமிடம் பிந்தினாலும் பிந்தட்டும், அவரோடு கொஞ்சம் கதைத்துக்கொண்டிரு. இந்த வீட்டில் இப்போது அவருக்குக் கதைக்க ஆளில்லை.

அம்மா